ஆட்ரியன் பெயரில் மூன்று லாரிகள்

என் தங்கை அமலி ஜெயித்த காரியங்களை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கதைக்குள் போனால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

தூத்துக்குடியில் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாமல் வளர்ந்தவள், கலிபோர்னியாவில் லிவர்மோருக்கு வந்து முப்பத்திரண்டாம் வயதில் டிரைவிங் டெஸ்ட் பாஸ் பண்ணினாள். மூன்றாவது தடவையில்தான். முதல் தடவை ஸ்டாப் போர்டில் நிற்காமல் போனாள். இரண்டாவது தடவை பயத்தில் பச்சை விளக்கிலும் நின்றாள். மூன்றாவது தடவை இரண்டையும் சரியாகச் செய்தாள்.

நர்சிங் படித்து முடித்துப் பத்தொன்பது வருஷம் கழித்து, இந்த நாட்டு நர்ஸ் பரீட்சையை எழுதினாள். இரண்டு முறை தோற்று, நாற்பத்தொன்றாம் வயதில் பாஸ் பண்ணினாள்.

மூன்று மெக்கானிக்குகள் பார்த்து, "பழைய இரும்புக்குப் போடுங்கள்" என்று சொன்ன லாரி என்ஜினை அறுபத்தொன்றாம் நாள் அசைய வைத்தாள்.

ஓடாத வண்டியை வீட்டு முன்னால் நிறுத்தக் கூடாது, முப்பது நாளில் எடுக்க வேண்டும் என்று நகராட்சியிலிருந்து காகிதம் வந்தது. இருபத்தெட்டாம் நாள் அந்த வண்டியில் ஏறி, தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து அதே இடத்தில் நிறுத்தினாள். இப்போது அது ஓடுகிற வண்டி.

டிரேசி ஊர்ப் பக்கம் நடந்த பழைய லாரிக் கண்காட்சியில் மூன்றாம் பரிசு வாங்கினாள். மற்ற லாரிகள் கண்ணாடி மாதிரி இருந்தன. அவள் வண்டியின் பலகைகளுக்கு நடுவில் வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்காக ஒரு நடுவர் மார்க் குறைத்தாராம். இன்னொருவர் அதற்காகவே மார்க் கூட்டினாராம்.

இவ்வளவையும் விடப் பெரிதாக அவள் ஜெயித்தது ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தூத்துக்குடி லாரி ஸ்டாண்டில் முப்பத்தெட்டு வருஷம் குஷன் கடை வைத்திருந்தேன். லாரிகளுக்கு சீட் தைப்பது என் தொழில். அமலி எனக்குப் பத்து வயது இளையவள். பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து, கழற்றி வைத்த லாரி சீட்டின் மேல் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். ரெக்ஸின் வாசமும் டீசல் வாசமும் இல்லாவிட்டால் அவளுக்குக் கணக்கு வராது என்று நாங்கள் கேலி பண்ணுவோம்.

1998இல் அவளுக்கும் ஆட்ரியனுக்கும் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை கம்ப்யூட்டர் என்ஜினீயர், சான்டா கிளாராவில் வேலை. அவருக்கு இருந்தது வேலை விசா. கூட வந்த மனைவிக்குக் கொடுத்த எச்-ஃபோர் விசாவில் ஒரு ரூபாய்க்குக்கூட வேலை பார்க்கக் கூடாது. நர்ஸ் படித்த பெண் வீட்டில் இருந்தாள். லிவர்மோரில் வீடு வாங்கினார்கள். ஆட்ரியன் விடியும் முன் காரை எடுத்து, மலை தாண்டி வேலைக்குப் போய், பொழுது சாயத் திரும்புவார். மகள் பிரீத்தா கைக்குழந்தை.

குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அமலி தினமும் ஒரே வழியில் நடப்பாள். வழியில் ஒரு பண்ணை. காய்ந்த புல்லுக்கு நடுவில் 1953ஆம் வருஷத்து ஃபோர்டு பிக்கப் ஒன்று டயர் இல்லாமல் நின்றது. ஒருநாள் எட்டிப் பார்த்தாளாம். உள்ளே சீட் கிழிந்து, பஞ்சு வெளியே வந்து, அதில் ஏதோ பறவை கூடு கட்டியிருந்தது. அன்றைக்கே எனக்கு போன் பண்ணினாள்.

"அண்ணே, இங்க ஒரு லாரி சீட்டப் பாத்தேன். நீ தைக்கிற மாதிரி பட்டை பட்டையா தையல்."

"வெள்ளைக்காரனும் அப்படித்தான் தைக்கானா?"

"ஒன் அளவுக்கு நேரா இல்ல. கோணலா இருக்கு."

அந்தப் பண்ணையில் வீடுகள் கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பண்ணைக்காரரிடம் போய்க் கேட்டாள். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிட்டார். அதுதான் முதல் வண்டி. அவள் அதற்கு வைத்த பெயர் 'ஒன்றாம் பெட்'. நோயாளியைக் கட்டில் எண்ணால் சொல்கிற ஆஸ்பத்திரிப் பழக்கம்.

அவள் வேலை செய்யும் விதமே ஆஸ்பத்திரி விதம்தான். கழற்றிய ஒவ்வொரு சாமானுக்கும், நோயாளி கையில் கட்டுகிற பட்டை மாதிரி ஒரு பட்டை கட்டுவாள். எங்கிருந்து கழற்றியது, எந்தப் பக்கம், என்ன தேதி, எல்லாம் அதில் இருக்கும். நட்டும் போல்ட்டும் காலி மாத்திரை டப்பாக்களில் போகும். என்ஜின் துருவேறி இறுகிக் கிடந்தது. ஊசி போடுகிற சிரிஞ்சில் எண்ணெய் எடுத்து, பிளக் துளை வழியாக உள்ளே விடுவாள். தினமும் காலை பத்து மணிக்கு, மருந்து வேளை மாதிரி. விட்டுவிட்டு நீளக் கம்பியைப் போட்டு ஒரு தடவை அழுத்திப் பார்ப்பாள். அசையாது. நோட்டில் "அசையவில்லை" என்று எழுதி வைப்பாள். அறுபது நாள் அந்த ஒரே வார்த்தை. அறுபத்தொன்றாம் நாள் ஒரு விரல் அகலம் அசைந்தது. அன்றைக்கு நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. எனக்குத்தான் போன் வந்தது.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. என்ஜின் ஓடிய ஒரு வாரத்துக்குள் வண்டி பாரம் சுமக்க வேண்டும். "ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே நோயாளிய நடக்க வைப்போம் அண்ணே. படுக்க வச்சா ரத்தம் உறைஞ்சிரும். வண்டியும் அப்படித்தான்" என்பாள். பளபளவென்று நிறுத்தி வைத்துப் போட்டோ எடுக்கிற ஆட்களைப் பார்த்தால் அவளுக்கு ஆகாது.

இந்த இடத்தில்தான் ஒரு தப்பு நடந்தது.

2003இல் வண்டியைப் பதிவு பண்ண டிஎம்வி ஆபீசுக்குப் போனார்கள். அமலி பேருக்குத்தான் எழுத வேண்டும் என்று பேச்சு. வரிசையில் நிற்கும்போது அவள் பாரத்தை வாசித்தாள். அதில் 'கமர்ஷியல்' என்று போட்டிருந்தது. ஆட்ரியன் சொல்லி நான் பலமுறை கேட்டுச் சிரித்த கதை இது.

"ஏங்க, இது கமர்ஷியல் வண்டியாம்."

"சும்மா ஒரு கேட்டகிரி அமலி. சைன் பண்ணு."

"நான் எச்-ஃபோர். எம்பேர்ல கமர்ஷியல் வண்டி இருந்தா, வேலை பாக்கேன்னு ஆயிராதா?"

"ஆகாது."

"கிரீன் கார்டு இன்டர்வியூவுல கேட்டா யாரு பதில் சொல்லுவா?"

"நான்தான். பிரைமரி அப்ளிகன்ட் நான்தானே."

"அப்ப வண்டியும் பிரைமரி அப்ளிகன்ட் பேர்லயே இருக்கட்டும்."

பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டாள். அன்றைக்குப் பிடித்த பயம் லேசில் விடவில்லை. இரண்டாம் பெட்டும் ஆட்ரியன் பெயரில், மூன்றாம் பெட்டும் ஆட்ரியன் பெயரில். அக்கம்பக்கத்தில் யாருக்காவது கட்டில், பீரோ ஏற்றிக் கொடுப்பாள். அவர்கள் நன்றிக்கு ஒரு பை ஆரஞ்சு கொடுத்தால், அன்று சாயங்காலத்துக்குள் அவர்கள் வீட்டுக்கு தோசை மாவு போய்விடும். வாங்கியதற்குக் கொடுத்துவிட்டால் அது கூலி ஆகாதாம். அந்தத் தெருவில் இருந்த வெள்ளைக்காரர்கள் எல்லோரும் தோசை சுடப் படித்தது இப்படித்தான்.

2010இல் கிரீன் கார்டு வந்தது. அவளுக்கு இருந்த விசா பயம் என் மேல் தாவியது; தோசை மாவுப் பழக்கம் மட்டும் அவளை விடவில்லை. 2012இல் நான் என் மகன் ஷைனைப் பார்க்க சான்டா கிளாராவுக்கு வந்தேன். ஆறு மாதம் விசிட்டர் விசா. வெள்ளிக்கிழமையானால் ஷைன் என்னை லிவர்மோரில் கொண்டுவந்து விடுவான். அப்போது மூன்றாம் பெட் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 1958ஆம் வருஷத்து செவர்லே, பின்னால் தட்டையான மரப்பலகை மேடை. நம் ஊர் லாரி மாதிரியே முகம். நான் ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

"அண்ணே, கீழ வை! கேரேஜ் கதவு தொறந்திருக்கு!"

"இருந்தா என்னளா?"

"விசிட்டர் விசாவுல வந்தவன் வேலை பாக்கான்னு எவனாவது எழுதிப் போட்டா? நீ கெஸ்ட். நாற்காலில உக்காந்து ஜூஸ் குடி."

கதவை மூடினால் நான் தையல்காரன். திறந்தால் கெஸ்ட். அந்த ஆறு மாதத்தில் ஒரு சீட்டு தைத்து முடித்தேன். ஒரு அங்குலத்துக்கு ஆறு தையல், எங்கேயும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டால் ஊசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு ஜூஸ் கிளாஸை எடுப்பேன். என் வாழ்க்கையில் அத்தனை ஜூஸ் குடித்ததில்லை.

இப்போது நினைத்தாலும் அந்த கேரேஜ் கண் முன்னால் வருகிறது. சுவர் முழுக்க ஆணி, ஆணி தோறும் பட்டை கட்டிய சாமான்கள். மதியம் கதவின் கீழ் இடுக்கு வழியாக ஒரு கோடு வெயில் வரும். வெளியே மலைப்புல் காய்கிற வாசம். பிரீத்தா எங்களுக்கு சாண்ட்விச் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மாம், மாமா, யூ கைஸ் ஆர் சோ வியர்ட்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்தக் குழந்தைதான் 2018இல் டிரைவிங் டெஸ்டுக்குப் படிக்கும்போது எங்கேயோ பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"மாம்! கலிபோர்னியால எவ்ரி பிக்கப் இஸ் கமர்ஷியல்! எல்லாருக்கும் அதே பிளேட்தான்!"

அமலி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "பதினஞ்சு வருசமா ஆரஞ்சுக்கு மாவு ஆட்டியிருக்கேனே!"

"சரி, இப்பவே உன் பேருக்கு மாத்திடலாம்" என்றார் ஆட்ரியன்.

"இருக்கட்டுங்க. யார் பேர்ல இருந்தா என்ன, ஓடுற வண்டி ஓடட்டும்."

அன்றைக்கு அவள் சொன்னது மனசார சொன்னதுதான். வண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலில் விசேஷம் என்றால் பந்தல் பலகையும் அரிசி மூட்டையும் அதில்தான் போகும். கோயில் தொண்டர் வெங்கடாசலம் அங்கிள் முன்னால் ஏறி நான் தைத்த சீட்டில் உட்காருவார்.

"சிஸ்டர், ஒரு எலுமிச்சம்பழம் வைக்கட்டுமா, வண்டிக்கு?"

"வைங்க அங்கிள். டயருக்கு அடியில மட்டும் வேண்டாம். அது புது டயர், வழுக்கும்."

"மாதா படம் முன்னாடி இருக்கே, கோவிச்சுக்க மாட்டாங்களே?"

"அவங்களும் ஒங்க அரிசிக்குத்தான் காவலா வாராங்க."

2020 ஆகஸ்டில் மலைகளில் தீப் பிடித்தபோது, பண்ணைகளிலிருந்து குதிரைகளையும் ஆடுகளையும் கொண்டுவந்து மைதானத்தில் கட்டியிருந்தார்கள். வானம் ஆரஞ்சு நிறம். ஆஸ்பத்திரியில் கொரோனா வார்டு டூட்டி முடித்து, குளித்து, நேரே வண்டியில் ஏறுவாள். மூன்று நாளில் பதினொரு நடை வைக்கோல் கொண்டு போனாள். அறுபத்திரண்டு வயதான லாரி ஒரு தடவைகூட நடுவழியில் நிற்கவில்லை.

முதல் இரண்டு வண்டிகளையும் அவள் கைமாற்றிவிட்டாள். ஒன்றாம் பெட் பூசணி போடுகிற ஒரு விவசாயிக்குப் போயிற்று. இரண்டாம் பெட் ஆட்டுப்பண்ணைக்கு. கேட்டு வந்தவர்களில் யார் தினமும் ஓட்டுவார்கள் என்று விசாரித்து, ஆளை அவளே தேர்ந்தெடுத்தாள். ஆட்ரியன் கையெழுத்து மட்டும் போட்டார். மூன்றாம் பெட்டைக் கொடுக்க மாட்டேன் என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதும் வரவில்லை, 2023 வரைக்கும்.

அந்த வருஷம் ஜனவரியில் ஆட்ரியனுக்கு வேலை போயிற்று. இருபத்திரண்டு வருஷம் இருந்த கம்பெனி. ஏழு மாதம் வீட்டில் இருந்தார். பிறகு டெக்சஸில், டாலஸ் பக்கம் வேலை கிடைத்தது. லிவர்மோர் வீட்டை விற்பதென்று முடிவாயிற்று. புது வீடு இருக்கும் காலனியில் பழைய லாரி நிறுத்த அனுமதி இல்லை. மனுஷன் எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணிவிடுகிற அவசரத்தில் இருந்தார். ஒரு சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் சொன்னார்.

"வண்டிக்கு ஒரு ஆள் கிடைச்சுட்டார் அமலி. நாப்பா பக்கம் ஒயின் தோட்டம் வச்சிருக்கார். வர்றவங்க பாக்கறதுக்கு ஒரு கண்ணாடி ஹால் கட்டறாராம். நடுவுல நம்ம வண்டி. எவ்வளவு மரியாதை பாரு! நான் ஓகே சொல்லிட்டேன்."

அமலி தட்டைப் பார்த்தபடி, "எப்ப வாராரு?" என்று கேட்டாள்.

"சனிக்கிழமை. டிரெய்லரோட."

அவ்வளவுதான் பேச்சு. நான் அந்த வாரம் அங்கேதான் இருந்தேன். பிறகு தனியாக அவளிடம், "என்னளா, ஒண்ணும் சொல்ல மாட்டியா?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல? வேல போயி ஏழு மாசம் மொகமே செத்துக் கெடந்த மனுசன் இப்பத்தான் சிரிக்காரு. பேப்பரும் அவரு பேர்ல. நானாத்தான குடுத்தேன்."

வியாழக்கிழமை வண்டியைக் கழுவினாள். வெள்ளிக்கிழமை மதியம் ஆட்ரியன் வண்டியின் உரிமைப் பத்திரத்தை எடுத்து வந்தார். முன்பக்கத்தில், விற்பவர் போட வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். "மச்சான், கோட்டுக்குள்ள இருக்கா பாருங்க. தையல்காரர் நீங்கதான் இதெல்லாம் பாப்பீங்க." கோட்டுக்குள் சரியாகத்தான் இருந்தது. பின்பக்கத்தில் புது உரிமையாளர் பெயர், விலாசம், கையெழுத்து எழுதுகிற இடம் காலியாக இருந்தது.

சனிக்கிழமை பத்தரைக்கு ஒயின் தோட்டக்காரர் வந்தார். அறுபது வயதிருக்கும். நல்ல மனிதர். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் வண்டியைத் தொட்டார். உரிமையாளர் ஆட்ரியன் என்பதால் கேள்வியெல்லாம் அவரிடம் கேட்டார். பிரேக் எப்போது மாற்றினீர்கள்? ஆட்ரியன் திரும்பி, "அமலி?" என்றார். அமலி மாதம், வருஷம் சொன்னாள். ரேடியேட்டர் பழையதா, புதியதா? "அமலி?" பலகை என்ன மரம்? "அமலி?" சீட்டு யார் தைத்தது என்ற ஒரு கேள்விக்கு மட்டும் ஆட்ரியன் தானாகவே பதில் சொல்லி, நாற்காலியில் இருந்த என்னைக் கைகாட்டினார். வந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இதற்குள் நான் கிரீன் கார்டு வாங்கிவிட்டதால் பயப்படாமல் குலுக்கினேன்.

பிறகு அமலி ஒரு கேள்வி கேட்டாள். உங்கள் ஹாலில் வண்டியை எத்தனை நாளுக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுவீர்கள்?

அவர் சிரித்தார். தேவையே இருக்காது, புதுத் தரை போட்டிருக்கிறோம், ஒரு சொட்டு ஒழுகினாலும் கறை ஆகிவிடும், என்ஜின் எண்ணெய், பெட்ரோல், தண்ணீர் எல்லாவற்றையும் வடித்துவிட்டுத்தான் உள்ளே நிறுத்துவோம் என்றார்.

அமலியின் முகம் மாறியதைப் பார்த்தேன். வார்டில் யாரோ தவறான ஊசியைக் கையில் எடுத்த மாதிரி. அவள் ஆட்ரியன் பக்கம் திரும்பி, தமிழில், சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்.

"என்னங்க, வண்டிய எம்பேருக்கு மாத்திக் குடுங்க."

"இப்பவா? அமலி, அவர் டிரெய்லர் எல்லாம் கொண்டு வந்து..."

"இப்பத்தான். மாத்திக் குடுங்க. அதுக்குப் பொறவு விக்கவா வேண்டாமான்னு நான் சொல்லுதேன்."

"டெக்சஸ்ல எங்க நிறுத்துவே? காலனில விட மாட்டாங்க."

"தெரியாது. எடம் தேடுவேன். இருவது வருசமா நான் ஒங்கட்ட ஒண்ணும் எம்பேர்ல கேக்கல. வீடு போவட்டும், நான் ஒண்ணும் சொல்லல. இந்த வண்டிக்குள்ள இருக்க ஒவ்வொரு நட்டும் என் கையால பட்டை கட்டுனது. ஒருத்தரு எண்ணெய வடிச்சுட்டு நிறுத்தப் போறேங்காரு. நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

ஆட்ரியன் சட்டைப் பையில் பத்திரம் மடித்து இருந்தது. வாக்குக் கொடுத்த மனிதர் எதிரே நிற்கிறார். மறுபடி வேலை போனதைப் போல அவர் முகம் ஆகிவிடுமோ என்று நான் பயந்தேன். ஆகவில்லை. பத்திரத்தை எடுத்தார், விரித்தார், வண்டியின் பானெட் மேல் வைத்துத் தடவினார். "சீட்டைத் தவிர, காலைல இருந்து அந்த ஆள் கேட்ட ஒரு கேள்விக்குக்கூட எனக்குப் பதில் தெரியலயே" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொன்னாரா, தெரியாது. பேனாவை அவளிடம் நீட்டினார்.

வந்தவருக்கு ஆட்ரியனே விஷயத்தை விளக்கி மன்னிப்புக் கேட்டார். அவர் வருத்தப்பட்டார், ஆனால் கோபப்படவில்லை. "நான் முதலிலிருந்தே தவறான ஆளிடம் பேசிக்கொண்டிருந்தேன் போல" என்று சொல்லி, அமலியைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டு, காலி டிரெய்லரோடு கிளம்பிப் போனார்.

அக்டோபரில் மூன்றாம் பெட் வேறொரு பெரிய டிரெய்லரில் ஏறி டெக்சஸ் போயிற்று. காலனியிலிருந்து முப்பது மைல் தள்ளி ஒரு பண்ணையில் அமலி கொட்டகை பிடித்திருக்கிறாள். வயதான குதிரைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம் அது. சனிக்கிழமைதோறும் அவற்றுக்குத் தீவனம் ஏற்றி வருகிறாள். ஆட்ரியன் பக்கத்துச் சீட்டில் போகிறாராம், இப்போது அவருக்கு பிரேக் மாற்றிய தேதி தெரிகிறதாம். ஷைன் எப்போதாவது லிவர்மோர் வழியாகக் காரை ஓட்டினால் நான் அந்தத் தெருவுக்குப் போகச் சொல்வேன். அந்த கேரேஜில் இப்போது ஒரு மின்சாரக் காரும் இரண்டு சைக்கிளும் நிற்கின்றன. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவோம்.

அவள் அன்று பானெட் மேல் குனிந்து, பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, விலாசம் எழுதி, கையெழுத்துக்கு வரும்போது பேனாவைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். என்ஜின் சூட்டில் காகிதம் லேசாக வளைந்ததால் நான் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டேன். தன் கையால் எழுப்பி நடக்க வைத்த ஒரு வண்டிக்கு என் தங்கை முதன்முதலாகத் தன் பெயரில் கையெழுத்துப் போட்டது 2023ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 16ஆம் தேதி, சனிக்கிழமை.